பெருவிரல் தாளம்

இசைக்கருவிகளில் பெருவிரலுக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் சுமைதாங்கியின் இடம்தான். வீணையை மீட்டுபவை சுட்டுவிரலும் நடுவிரலும். வயலினில் சுரங்களைப் பிடிப்பவை இடது கையின் மற்றைய நான்கு விரல்கள். பெருவிரல் கருவியின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். நாதஸ்வரத்திலும் அப்படியே. துளைகளை மூடித் திறந்து புகழ் பெறுபவை ஏனைய விரல்கள், அடியில் நின்று பாரம் சுமப்பது பெருவிரல். வில்வித்தையில் மாத்திரம் அதற்கு ஒரு பெருமை இருந்தது. ஏகலைவனிடம் துரோணர் எந்த விரலைக் கேட்டார் என்பதிலிருந்தே அந்தப் பெருமையைப் புரிந்துகொள்ளலாம்.

பெருவிரலைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவந்த கருவிகளில் ஒன்று பேஸ் கிற்றார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951ஆம் ஆண்டில் சந்தைக்கு விட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியோடுதான் இந்த மின் வாத்தியம் உலகெங்கும் பரவத் தொடங்கியது. அதற்கு முன்னர் ஆளுயரத்துக்கு நிற்கும் டபிள் பேஸே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான்கு தந்திகள், 34 அங்குலத் தந்தி நீளம், சாதாரண கிற்றாரிலும் ஒரு ஸ்தாயி கீழான நாதம். தமிழர்களுக்கு இது பழக்கமான ஒலிதான். இளையராஜாவின் பாடல்களில் பாடகரின் குரலுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டு நடந்துகொண்டிருக்குமே, அதுதான். அதைக் கேட்டு ரசித்தவர்கள் இலட்சக்கணக்கானோர். அது எந்த வாத்தியம் என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

நான் அந்த வாத்தியத்தை வாசிப்பவன். மேடைகளில் வாசிப்பதில்லை. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் பின் அறையில், காலையில் அலுவலகம் புறப்படுவதற்கு முன்னர் வாசிக்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த பின்னர், பேஸ் வாசிப்பில் மிகவும் சிரமமானவை என்று கருதப்படும் பெருவிரல் உத்திகளைப் பயின்றுகொண்டிருக்கிறேன். இத்தனை வருடங்களாகப் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நேரில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

முதலில் உத்தி என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'ஸ்லாப்' என்பார்கள். பெருவிரலின் பக்கவாட்டில், எலும்பு மூட்டு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தால், தடித்த தந்தியின் மீது ஓர் அடி. அடிபட்ட தந்தி, கழுத்தில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும் உலோகக் கம்பிகளில் மோதித் திரும்பும். வீணையில் மெட்டு என்று சொல்வதைத்தான் கிற்றாரில் ஃபிரெட் என்கிறார்கள். நாதமும் உலோக அறைவும் சேர்ந்த ஒலி அங்கே பிறக்கிறது. அடுத்ததாகச் சுட்டுவிரல் மெல்லிய தந்தியின் அடியில் கொக்கிபோல நுழைந்து இழுத்து விட, அது பலகையில் தெறித்து விழும். இதற்கு 'பொப்' என்று பெயர். தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பெருவிரலின் அடி தொப்பி, சுட்டுவிரலின் தெறிப்பு வலந்தலை. தவில்காரர் இரண்டு கைகளால் செய்வதைப் பேஸ் வாசிப்பவர் ஒரே கையால் செய்கிறார்.

மின் பேஸில் இந்த உத்தியைப் பிரபலப்படுத்தியவர் லாரி கிரஹாம். 1946இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் வளர்ந்தவர். தாயார் டெல் கிரஹாம் பாடகி, பியானோவும் வாசிப்பார். பதின்ம வயது மகன் தாயாரின் குழுவில் கிற்றார் வாசித்தபடியே காலால் ஓர்கனின் கீழ்ச்சுரக் கட்டைகளையும் மிதித்து இரண்டு பேருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ஓர்கன் பழுதாகிவிட்டது. அது திருத்தப்படும் வரையில் சமாளிப்பதற்காக ஒரு பேஸ் கிற்றாரை வாடகைக்கு எடுத்தார். ஓர்கனைத் திருத்த முடியாமலே போய்விட்டது. பிறகு குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவரும் இல்லாமற்போனார். மிஞ்சியவர்கள் தாயும் மகனும் மாத்திரமே. தாளம் இல்லாத வெற்றிடத்தை எப்படி நிரப்புவது? ட்ரம்ஸ் வாசிப்பவரின் கால் மிதிக்கும் பெரிய பறையின் ஒலிக்குப் பதிலாகப் பெருவிரலால் தந்தியை அடித்தார். கையால் அடிக்கும் சிறிய பறையின் ஒலிக்குப் பதிலாகச் சுட்டுவிரலால் தெறித்தார். பேஸை முறையாகக் கற்றவராக இல்லாததால், இப்படி வாசிக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை.

அந்த வாசிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு ஸ்லை ஸ்டோன் அவரைத் தமது குழுவில் சேர்த்துக்கொண்டார். 1969 டிசம்பரில் வெளியாகி 1970 பெப்ரவரியில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த 'தாங்க் யூ' என்ற பாடலில் கிரஹாமின் பெருவிரலை உலகம் கேட்டது. (ஸ்லை ஸ்டோன் 2025 ஜூனில் காலமானார்.) அதன் பின்னர் இடிப் பெருவிரல் என்ற பட்டப்பெயர் பெற்ற லூயிஸ் ஜோன்சன், ஸ்டான்லி கிளார்க், மார்க்கஸ் மில்லர் என்று ஒரு பரம்பரையே உருவானது. மைக்கல் ஜாக்சனின் 1979ஆம் ஆண்டு இசைத்தட்டான 'ஓஃப் த வோல்' முழுவதும் உருண்டோடும் பேஸில் பெரும்பகுதி லூயிஸ் ஜோன்சனுடையது.

இந்த வரலாற்றில் என்னை ஈர்த்தது ஒரு விடயம். இல்லாத ஒருவரின் வேலையை இருக்கின்ற விரலிடம் ஒப்படைத்ததால் பிறந்த கலை இது. கிரஹாமுக்கு முன்னரும் இதே கதைதான். கடந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பொப்ஸ் ஃபொஸ்டர் போன்றவர்கள் டபிள் பேஸின் தந்தியை இழுத்துப் பலகையில் அறைய விட்டார்கள். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில், ட்ரம்பெட்டுகளின் முழக்கத்துக்கு நடுவே டபிள் பேஸ் தன் குரலைக் கேட்கச் செய்வதற்கு அதுவே வழி. இன்டியானாபொலிஸ் நகரின் வெஸ் மொன்ட்கொமெரியிடம் இல்லாதது வேறொன்று. பகலில் தொழிற்சாலை வேலை, இரவில்தான் பயிற்சி. உரத்துச் சத்தமிட அவருக்கு உரிமை இருக்கவில்லை. அயலவரின் தூக்கம் கலையக்கூடாதென்று தகட்டை விட்டுவிட்டுப் பெருவிரலின் சதையால் கிற்றாரை மீட்டத் தொடங்கினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஜாஸ் கிற்றாரின் மிக இனிய நாதங்களில் ஒன்று அப்படிப் பிறந்தது.

எனக்கு இந்தக் கதைகள் புத்தகத்தில் படித்த கதைகள் மாத்திரமல்ல.

எண்பதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் ஐந்து பேராக ஓர் இசைக்குழு வைத்திருந்தோம். கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் சினிமாப் பாடல்களும் எங்கள் துள்ளிசைப் பாடல்களும் வாசிப்போம். பேஸ் கிற்றார் என் பொறுப்பு. ட்ரம்ஸ் வாசித்த நண்பன் எனக்கு இரண்டு வயது மூத்தவன். 1989இல் அவன் கனடாவுக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியதோடு மின்சாரமும் நின்றுபோனது. மின் வாத்தியம் கையில் இருக்கிறது, மின்சாரம் இல்லை. தாளம் வேண்டும், தாளக்காரன் இல்லை. அம்ப்ளிபயர் இல்லாத பேஸ் கிற்றாரை விரல் நுனியால் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. பெருவிரலால் அடித்தால் கேட்கும். அறை முழுவதும் கேட்கும்.

அந்த நாட்களில் வானொலியையும் கசற் றெக்கோடரையும் சைக்கிள் டைனமோவில் இயக்கித்தான் கேட்டோம் என்பது எங்கள் தலைமுறையினர் அனைவரும் அறிந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்பார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு கசற்றில் 'தாங்க் யூ' பாடல் இருந்தது. சுற்றுவதைக் குறைத்தால் பாட்டும் தளர்ந்து இழுபடும். இன்று இணையத்தில் பாட்டின் வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் படிப்பதற்கு எத்தனையோ வசதிகள் இருக்கின்றன. எங்களுக்கு அந்த வசதியைத் தந்தது டைனமோ. தம்பி மெதுவாகச் சுற்ற, ஒவ்வோர் அடியாகப் பிரித்துக் கேட்டு, எது பெருவிரல், எது சுட்டுவிரல் என்று கண்டுபிடித்துப் பழகினேன். சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும் என்பது வேறு விடயம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது சைக்கிளில் ஏற்றக்கூடியதைத்தான் எடுத்துச் சென்றோம். பேஸ் கிற்றார் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. திரும்பிப் போனபோது அது வீட்டிலும் இருக்கவில்லை. அதன் பின்னர் கொழும்பு, பத்திரிகை, குடும்பம் என்று கால் நூற்றாண்டு கழிந்தது. எங்கள் துறையில் சிலர் கொல்லப்பட்டார்கள், பலர் நாட்டை விட்டுப் போனார்கள். மிஞ்சியவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்தோம். செய்தி எழுதியவரே ஒப்பு நோக்கினார், ஆசிரியத் தலையங்கம் எழுதியவரே ஞாயிறு இதழின் பக்கங்களையும் பார்த்தார். வேறு வழியில்லாமல் பழகிய வேலை நாளடைவில் திறமை என்று பெயர் பெற்றது. கிரஹாமின் கதையை வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது டொலர் இல்லாமல் எரிபொருள் இல்லை, எரிபொருள் இல்லாமல் மின்சாரம் இல்லை, பத்திரிகை அச்சிடத் தாளும் இல்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையில் மின்வெட்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் பழைய பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கியிருந்தேன். பக்கங்கள் குறைந்த பத்திரிகையில் வேலையும் குறைந்திருந்த அந்த மாலைகளில், இருட்டறையில் அமர்ந்து அம்ப்ளிபயர் இல்லாமல் பெருவிரலால் வாசிக்கத் தொடங்கினேன். முப்பது வருடங்களுக்கு முன்னர் பழகியது விரலில் மிச்சமிருந்தது. ஆனால் அதற்கிடையில் உலகம் வெகுதூரம் போய்விட்டிருந்தது.

அந்தத் தூரத்துக்குப் பெருவிரலை அழைத்துச் சென்றவர்களில் முதன்மையானவர் விக்டர் வூட்டன். 1964இல் பிறந்தவர், ஐந்து சகோதரர்களில் கடைக்குட்டி. மூத்தவர் ரெஜி கிற்றார், ரோய் ட்ரம்ஸ், ரூடி சக்சபோன், ஜோசப் கீபோர்ட். வீட்டுக்குள்ளேயே ஒரு குழு தயாராக இருந்தது. இல்லாதது பேஸ் மாத்திரமே. எனவே பேசும் வயது சரியாக வருமுன்பே அந்தக் குழந்தையின் கையில் கருவியைக் கொடுத்துப் பழக்கினார்கள். இங்கேயும் ஓர் ஆளில்லாத இடம்தான்! வூட்டனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இரட்டைப் பெருவிரல் உத்தியைத் தமக்குக் கற்பித்தவர் அண்ணன் ரெஜிதான் என்று விக்டரே பல தடவைகள் கூறியிருக்கிறார்.

பழைய முறையில் பெருவிரல் தந்தியில் பட்டதும் தெறித்துத் திரும்பிவிடும். பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல முன்கை சுழலும். ஓர் அடிக்கு ஓர் ஒலி. திரும்பி வருவது வெறும் பயணம். இரட்டைப் பெருவிரல் முறையில் விரல் தெறிப்பதில்லை. தந்தியைக் கடந்து சென்று கீழேயுள்ள அடுத்த தந்தியில் தங்கி நிற்கிறது. பிறகு மேல்நோக்கித் திரும்பும் வழியில், நகத்தின் ஓரத்தால் அதே தந்தியை மறுபடியும் மீட்டுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிச் சென்ற லொறி திரும்பும்போது சும்மா வராமல் சாமான் ஏற்றிக்கொண்டு வருவது போன்றது இது. கிற்றார் வாசிப்பவர்கள் கையிலுள்ள தகட்டை மேலும் கீழும் அசைத்துச் செய்வதைத் தமது சொந்த எலும்பாலும் நகத்தாலும் செய்வது என்றும் சொல்லலாம்.

சொல்வது சுலபம். மேல் அடி முதலில் வரவே வராது. வந்தாலும் மெலிந்த, கீச்சென்ற ஒலி. கீழ் அடியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யானையும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து நடப்பதுபோல இருக்கும். விரல் தந்திக்குள் ஆழமாக இறங்கினால் மாட்டிக்கொள்ளும். மேலோட்டமாக நின்றால் பிடிக்காது. இரண்டுக்கும் இடையில் இரண்டோ மூன்றோ மில்லிமீற்றர் ஆழம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதங்கள் எடுத்தன. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 துடிப்பில் வைத்து, துடிப்புக்கு ஓர் ஒலியாக, மேல் அடியை மாத்திரம் வாசித்த வாரங்கள் உண்டு. இரண்டு அடிகளும் காதுக்கு ஒரே ஒலியாகக் கேட்கும்வரையில் வேகத்தைக் கூட்டுவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட சட்டம். இப்போது 88 துடிப்பில், துடிப்புக்கு நான்கு ஒலிகள் வாசிக்க முடிகிறது. வினாடிக்கு ஏறத்தாழ ஆறு. வூட்டன் போன்றவர்களுக்கு இது உலாவும் வேகம்.

அதற்கடுத்தது விரல்களைக் கோப்பது. கீழ், மேல், தெறிப்பு என்று மூன்று அடிகள் ஒரு கட்டு. இன்னொன்றில் திறந்த தந்தியைப் பெருவிரல் அடிக்க, இடது கை விரல் தட்டி ஒரு சுரம் எழுப்ப, வலது சுட்டுவிரல் தெறிக்கும். வேறொன்றில் கீழ், மேல், சுட்டுவிரல், நடுவிரல் என்று நான்கு. ஆங்கிலப் புத்தகங்கள் இவற்றை எண்களால் எண்ணச் சொல்கின்றன. எனக்கு அந்த எண்ணிக்கை ஒட்டவில்லை. நம் சொற்கட்டு இருக்கிறதே! மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி. தகிட தகிட தகிட தகிட தகதிமி என்றால் பன்னிரண்டும் நான்கும் பதினாறு, நான்கு துடிப்புகள் சரியாக முடிந்துவிடும். வாயால் சொல்லியபடியே வாசித்தால், துடிப்பின் மேல் ஒவ்வொரு தடவையும் வேறொரு விரல் வந்து விழுவதைக் காணலாம். துடிப்பு பெருவிரலில் விழும்போது ஒரு நிறம், சுட்டுவிரலில் விழும்போது இன்னொரு நிறம். மூன்றடிக் கட்டை நான்கடித் தாளத்துக்குள் உருட்டும் இந்த இன்பம் கோயில் வீதியில் தனித்தவில் கேட்டவர்களுக்குப் புதியதல்ல.

இவ்வளவும் செய்த பிறகும் இசை வருவதில்லை, இரைச்சல்தான் வரும். அடித்த தந்தி ஒலிக்க, அடிக்காத மூன்று தந்திகளும் கூடவே முனகும். இடது கையின் உண்மையான வேலை அவற்றை அடக்குவதுதான். ஒரு விரல் சுரத்தைப் பிடிக்க, மற்றைய விரல்கள் ஏனைய தந்திகள் மீது பட்டும் படாமலும் கிடக்க வேண்டும். கழுத்தின் தலைப்பகுதியில் பெண்கள் கூந்தலுக்குப் போடும் துணிப்பட்டியைச் சுற்றி முனகலை அடக்குபவர்களும் உண்டு. வூட்டனும் அப்படிச் செய்தவரே. ஒரு பந்தியில் எதை வெட்டுவது என்று தெரியாதவர் உதவி ஆசிரியராக நிலைக்க முடியாது என்று எனக்குத் தொழில் கற்பித்த முதியவர் சொல்வார். பேஸிலும் அதுவே நடக்கிறது. கேட்பவருக்கு வலது கையின் வேகம் தெரியும். இடது கை வெட்டி எறிந்தவற்றை ஒருவரும் அறியமாட்டார்.

சென்ற வருடம் பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு வலி தொடங்கியது. போத்தல் மூடியைத் திருகும்போதும் திறப்பைத் திருப்பும்போதும் சுள்ளென்று குத்தும். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெருவிரலின் அடிமூட்டில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது, உங்கள் வயதில் பலருக்கும் வருவதுதான் என்றார். அந்த மூட்டு குதிரைச் சேணத்தின் வடிவில் அமைந்தது. இரண்டு சேணங்களை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கவிழ்த்ததுபோல இரண்டு எலும்புகள் பொருந்தியிருக்கின்றன. பெருவிரல் எல்லாத் திசைகளிலும் அசைவதற்கும், மற்ற விரல்களுக்கு எதிரே வந்து பொருளைப் பற்றுவதற்கும் அதுவே காரணம், சீக்கிரம் தேய்வதற்கும் அதுவே காரணம். கிற்றாரை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன். "வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். வலி வருமுன்பே நிறுத்தப் பழகினால் இன்னும் நல்லது" என்றார்.

அன்றிலிருந்து இருபது நிமிடங்கள்தான். நடுவில் ஓய்வு. கருவியின் தோள்பட்டியை உயர்த்தி, மணிக்கட்டு மடியாமல் நேராக நிற்கும்படி செய்தேன். மெல்லிய தந்திகளை மாட்டி, பலகைக்கும் தந்திக்குமான இடைவெளியைக் குறைத்தேன். சாதாரண பேஸ் தந்தி ஏறத்தாழ 20 கிலோ இழுவிசையில் நிற்பது. அதை அடிப்பதற்குப் பலம் தேவையில்லை, விரலின் பாரம் போதும் என்பதை வலிதான் விளங்கப்படுத்தியது. இருபது வயதில் அடிகளுக்குக் கணக்கில்லை. இப்போது ஒரு காலைக்கு இத்தனை அடிகள்தான் என்று எண்ணி வைத்திருக்கிறது. அவற்றை எதில் செலவிடுவது என்பதே கேள்வி.

வேகத்தில் செலவிடலாம். பெருவிரல் உத்தி வித்தை காட்டுவதற்கு வசதியானது. எண்பதுகளில் அது அளவுக்கு மீறிப் பெருகி, சலிப்பையும் உண்டாக்கியது. 1990களில் உலகெங்கும் ஓடிய 'சைன்ஃபெல்ட்' தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையை ஸ்லாப் பேஸ் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஜொனதன் வோல்ஃப் அதைக் கீபோர்டில்தான் வாசித்தார். அடியும் தெறிப்பும் மாத்திரமே கலை என்றால் அதைச் செய்ய இயந்திரம் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மறுபுறத்தில், 1996இல் வூட்டன் வெளியிட்ட 'எ ஷோ ஒஃப் ஹாண்ட்ஸ்' என்ற இசைத்தட்டில் பேஸ் கிற்றாரையும் இடையிடையே சில குரல்களையும் தவிர வேறெதுவும் இல்லை. மெட்டு, தாளம், கீழ்ச்சுரம் அனைத்தும் ஒரே மனிதரின் இரண்டு கைகளில். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வியப்போடு ஒரு தயக்கமும் வரும். எல்லாவற்றையும் தனியாகச் செய்யப் பழகிய கைக்கு இன்னொருவர் வந்தால் இடம் விடத் தெரியுமா? வூட்டனுக்குத் தெரியும். சகோதரர்களோடு வாசிக்கும்போது அவர் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்பதைக் கவனித்தால் புரியும். எனக்குத் தெரியுமா என்பதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் 2023 ஓகஸ்டில் வந்தது.

கனடாவுக்குப் போன ட்ரம்ஸ் நண்பன் நல்லூர்த் திருவிழாவுக்காகக் குடும்பத்தோடு வந்திருந்தான். யாழ்ப்பாணம் போகும் வழியில் கொழும்பில் இரண்டு நாட்கள் தங்கினான். மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு பயிற்சி அறையை எடுத்தேன். முப்பத்து நான்கு வருடங்களுக்குப் பின்னர் இருவரும் ஒன்றாக அமர்ந்தோம். தலை முழுவதும் நரைத்த மனிதன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, குச்சிகளைக் கையில் எடுத்து, "என்னடாப்பா, தொடங்குவமா?" என்றான்.

முதல் சுற்றில் அவனுடைய கால் விழுந்த இடமும் என்னுடைய பெருவிரல் விழும் இடமும் ஒன்றாக இருந்தன. இத்தனை காலமும் நான் அடித்துக்கொண்டிருந்த அந்த அடிக்குச் சொந்தக்காரன் வந்துவிட்டான். பெருவிரல் தானாகவே ஓய்ந்தது. அதை ஒதுக்கிவிட்டு, சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் நீண்ட சுரங்களை மெதுவாக வாசித்தேன். அவனுடைய தாளத்தில் இடைவெளிகள் இருந்தன. அவற்றில் இரண்டொன்றில் மாத்திரம் பெருவிரல் எட்டிப் பார்த்தது. கீழ், மேல், தெறிப்பு. ஒரேயொரு தகிட. அவன் நிமிர்ந்து பார்த்து, "இது எப்பயடா படிச்சனி?" என்று கேட்டான். நீ போன பிறகு என்று சொன்னேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. எங்கள் தலைமுறையில் அநேகமான உரையாடல்கள் அப்படித்தான் முடிகின்றன.

நண்பர்களின் கேள்விக்கு என்னுடைய விடை இதுதான். இருந்தவர்கள் போன இடங்களை நிரப்புவதற்குப் பழகிய தலைமுறை எங்களுடையது. அந்தப் பழக்கத்தில் அவலமும் இருக்கிறது, திறமையும் இருக்கிறது. ஓக்லண்டில் தாளக்காரனை இழந்த ஓர் இளைஞனின் அவசரத் தேவை உலகத்துக்கு ஒரு கலையானது என்றால், எங்கள் அவசரத் தேவைகளும் வீண்போகத் தேவையில்லை. ஆனால் நிரப்பத் தெரிந்த கை, உரியவர் வரும்போது விலகவும் தெரிந்திருக்க வேண்டும். மேல் அடியும் கீழ் அடியும் தகிடவும் எல்லாம் அதற்கான பயிற்சிதான். கைவசம் எதுவும் இல்லாதவர் விலகுவதில் பெருமை இல்லை. எல்லாம் இருந்தும் இரண்டு இடங்களில் மாத்திரம் அடிப்பதற்குத்தான் இத்தனை காலைகள் தேவைப்படுகின்றன.

நண்பன் ரொறொன்ரோவுக்குத் திரும்பிவிட்டான். கிழமைக்கு ஒருநாள் நான் வாசிப்பதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து அனுப்புகிறேன். அவன் சாப்பாட்டு மேசையில் கைகளால் தட்டி, அதைப் பதிவு செய்து திருப்பி அனுப்புகிறான். பின்னணியில் அவனுடைய பேரப்பிள்ளையின் குரலும் சேர்ந்து கேட்கும். மெட்ரோனோம் இன்னமும் 88இல்தான் நிற்கிறது. மருத்துவரின் இருபது நிமிடங்களுக்குள் 92க்குப் போக முடியுமா என்று பார்க்கிறேன். அவசரமில்லை.